வெளியேற வழியில்லாத எட்டு கிலோமீட்டர்: 2021 கான்சு மலை அல்ட்ரா பந்தயம், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 22 அன்று, வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்தில், பாயின் நகர நிர்வாகத்துக்கு உட்பட்ட ஜிங்தாய் மாவட்டத்தில் 100 கி.மீ. மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. காலை 9 மணிக்குப் புறப்பட்ட 172 பேரில் 21 பேர், மறுநாள் விடிவதற்குள் குளிரில் உடல் வெப்பம் இழந்து இறந்துபோயினர். டிரெய்ல் எனப்படும் மலை, காட்டுப் பாதை ஓட்டப் பந்தயம் ஒன்றில் ஒரே நாளில் இத்தனை உயிர்கள் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எதிர்பாராத வானிலையே காரணம் என்று அப்போது பல செய்திகள் எழுதின. ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் திடீரென வந்தன என்பது மெய்தான். ஆயினும், சாலை மாரத்தான்களில் தொடங்கி, மாரத்தானைவிட நீண்ட ஓட்டங்களான மலைப்பாதை அல்ட்ராக்களுக்கு வந்து சேர்ந்த என் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் இந்நிகழ்வின் விவரங்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, வானிலைக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட சில செய்திகள் கண்ணில் படுகின்றன. நடுவழியில் இறங்க முடியாத ஓர் ஏற்றத்தைப் பாதையில் வைத்ததும், அந்த ஏற்றத்துக்கு மேலங்கி கட்டாயமில்லை என்று விதி எழுதியதும், புயல் எச்சரிக்கை வந்த பிறகும் அவ்விரண்டையும் மாற்றாமல் விட்டதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். மழை அவற்றின் விளைவை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே என்பது என் கருத்து.

சாலையும் மலையும்

மாரத்தானின் 42.195 கி.மீ. தூரம் எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், அது ஊருக்குள் நடக்கும் ஓட்டம். சென்னையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர் கிடைக்கும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கச் சாலை இருக்கும். தொடை பிடித்துக்கொண்டு ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தால், நடைபாதையில் உட்கார்ந்து ஆட்டோவை அழைத்துக்கொள்ளலாம். அங்கே டிஎன்எஃப், அதாவது ஓட்டத்தை முடிக்காமல் விடுவது, மானக்கேடாக இருக்கலாமே தவிர ஆபத்தன்று. மலைப்பாதையில் நிலைமை வேறு. ஓட்டத்தைக் கைவிடுகிறவர், கைவிட்ட இடத்திலிருந்து ஏதேனும் ஒரு சாலை வரை தன் காலாலேயே நடந்தாக வேண்டும். அந்த நடை, ஓடி வந்ததைவிட நீண்டதாக இருக்கக்கூடும். ஆகையால் ஒரு மலைப் பந்தயத்தின் பாதுகாப்பை அளக்க விரும்புகிறவர் மொத்தத் தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் பார்ப்பதைவிட, எந்தெந்த இடங்களிலிருந்து வெளியேறலாம் என்பதைப் பார்ப்பதே முறை.

ஜிங்தாய் பந்தயம் 2018 முதல் ஆண்டுதோறும் நடந்து வந்தது. 2021 இல் நடந்தது நான்காம் ஆண்டுப் போட்டி. மஞ்சள் ஆற்றங்கரையில் காற்றும் நீரும் அரித்து உருவாக்கிய நெடிய பாறைத் தூண்களைக் கொண்ட 'கல் காடு' என்னும் சுற்றுலாத் தலமே அதன் களம். தெங்கர் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள வறண்ட நிலம் அது. மரமில்லை, நிழலில்லை, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மே மாத இறுதியில் அங்கு ஓட வந்தவர்களில் பலர் அஞ்சியது வெயிலுக்குத்தான்.

சீன அரசு 2014 இல் பொதுமக்கள் பங்கேற்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கான முன் அனுமதி முறையை நீக்கியபின், ஊர்தோறும் ஓட்டப் பந்தயங்கள் பெருகின. சீன தடகளச் சங்கத்தின் கணக்குப்படி 2019 இல் மட்டும் மாரத்தானும் அதைச் சார்ந்தனவுமாக 1828 போட்டிகள் நடந்தன. உள்ளூர் நிர்வாகங்களுக்கு அது சுற்றுலா விளம்பரமாக இருந்தது. ஜிங்தாய் பந்தயமும் அந்த வகையைச் சேர்ந்ததே: மாவட்ட நிர்வாகம் முன்னின்றது, தனியார் நிறுவனம் ஒன்று நடத்தியது. நுழைவுக் கட்டணம் 1000 யுவான். கட்-ஆஃப் எனப்படும் 20 மணி நேரக் கால வரம்புக்குள் முடிப்பவர் ஒவ்வொருவருக்கும் 1600 யுவான். முதலிடத்துக்கு 15,000 யுவான். ஓடி முடித்தாலே கட்டணத்தைவிட அதிகமான பணம் கைக்கு வரும் ஏற்பாடு பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் எங்கும் காணாத ஒன்று. உயிரிழப்புக்கு அதுவே காரணம் என்று சொல்வது மிகை. எனினும், திரும்பலாமா வேண்டாமா என்று தயங்கும் ஒருவரின் மனத்தராசில் அதுவும் ஒரு படிக்கல்லாக இருந்திருக்கும்.

இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு

பாதையின் முதற்பகுதி பெரிதும் ஓடக்கூடியது. இரண்டாம் சோதனை நிலையைத் தாண்டியதும் அதன் தன்மை மாறுகிறது. அங்கிருந்து மூன்றாம் நிலை வரை உள்ள 8 கி.மீ. தூரத்தில் சுமார் 1000 மீட்டர் ஏற்றம். கல்லும் மணலும் கலந்த சரிவு. இடையில் இறக்கம் என்பதே இல்லை. மூன்றாம் நிலைக்கு மோட்டார் சைக்கிள்கூட ஏற முடியாது என்பதால் அங்கு உணவோ வெந்நீரோ வைக்கப்படவில்லை. அது நேரத்தைப் பதிவு செய்யும் இடம் மட்டுமே. ஒதுங்கவும் இடமில்லை, ஓட்டத்தைக் கைவிட்டு வண்டியில் திரும்பவும் வழியில்லை. ஆக, இரண்டாம் நிலையை விட்டு ஏறத் தொடங்கியவருக்கு இரண்டே வாய்ப்புகள்: உச்சியைக் கடந்து அப்பால் இறங்கிப் போவது, அல்லது வந்த சரிவிலேயே திரும்பி இறங்குவது.

முதல் நாள் இரவே பலத்த காற்றுக்கான எச்சரிக்கையை வானிலைத் துறை வெளியிட்டிருந்தது. காலையில் தொடக்க இடத்திலேயே காற்று தொப்பிகளைப் பறித்துக்கொண்டு போனதைப் பங்கேற்றவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர். இருந்தும் புறப்படும் நேரம் மாறவில்லை, பாதை சுருக்கப்படவில்லை, கூடுதல் உடையை எடுத்துக்கொள்ளும்படி எவரும் கட்டாயப்படுத்தப்படவும் இல்லை.

நண்பகலை ஒட்டி வானிலை முறிந்தது. பாதையின் 20 முதல் 31 கி.மீ. வரையிலான உயரமான பகுதியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒருங்கே தாக்கின என்று நகர நிர்வாகம் பின்னர் அறிவித்தது. முன்னணி ஓட்டக்காரர்கள் அந்நேரத்தில் அந்த எட்டு கிலோமீட்டர் ஏற்றத்தின் மேற்பாதியில் இருந்தனர். பெரும்பாலோர் அணிந்திருந்தவை அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும்தான். பந்தயம் பிற்பகல் 2 மணியளவில் நிறுத்தப்பட்டது. அதற்குள் மேலே இருந்தவர்களில் பலர் தாமாக எழுந்து நடக்கும் நிலையைக் கடந்திருந்தனர்.

முன்னால் ஓடியவர்கள் ஏன் இறந்தார்கள்

இந்நிகழ்வில் மிகவும் உறுத்தும் செய்தி இதுதான். மலையில் விபத்து என்றால் பயிற்சி போதாதவர்களும் கடைசியில் வருகிறவர்களுமே அகப்படுவார்கள் என்பது பொது எண்ணம். ஜிங்தாயில் நடந்தது நேர்மாறானது. முதல் ஆறு இடங்களில் ஓடியவர்களுள் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இறந்தவர்களில் சீனாவின் மிகச் சிறந்த அல்ட்ரா ஓட்டக்காரராக அறியப்பட்ட லியாங் ஜிங் இருந்தார். 2019 தேசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டுப் போட்டியில், செவித்திறன் குறைந்தோருக்கான மாரத்தானில் முதலிடம் பெற்ற ஹுவாங் குவான்ஜூனும் இருந்தார்.

காரணம் உடலியலிலும் இருக்கிறது, இடத்திலும் இருக்கிறது. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. வேகமாக ஓடும்வரை அந்த வெப்பம் மெல்லிய உடையையும் ஈடுகட்டிவிடும்; குளிர்காலத்தில்கூட ஓட்டக்காரர் கையில்லாச் சட்டையுடன் ஓட முடிவது இதனால்தான். செங்குத்தான ஏற்றத்தில், எதிர்க்காற்றில், மணலில் கால் வழுக்கும்போது வேகம் நடையாகக் குறைகிறது. வெப்ப உற்பத்தியும் குறைகிறது. அதே வேளையில், நனைந்த துணி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகம். அத்துடன் ஈரம் ஆவியாகும்போதும் உடலிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று அந்த ஆவியாதலை ஓயாமல் முடுக்கிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடும் பயிற்சியால் கொழுப்பு கரைந்த உடலுக்கு இந்த இழப்பைத் தாங்கும் இருப்பும் குறைவு.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை. முதலில் கடும் நடுக்கம் வரும், விரல்கள் சொன்னபடி கேட்கமாட்டா, நாக்கு குழறும். 32 டிகிரியை நெருங்கும்போது நடுக்கம் நின்றுவிடும்; எங்கே போகிறோம், என்ன செய்ய வேண்டும் என்னும் தெளிவும் அத்துடன் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, விரல்கள் முதலில் செயலிழப்பது. நீலகிரியில் ஆடி மாதச் சாரலில் ஒரு மலைமுகட்டைக் கடக்கும்போது, ஏற்றத்தில் ஓட்டம் நடையான பத்தே நிமிடங்களில், ஜெல் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழிக்க விரலில் பலமின்றிப் பல்லால் கடித்துத் திறந்ததும், மேலங்கியின் ஜிப் முனையைப் பிடிக்க முடியாமல் இரு உள்ளங்கைகளாலும் அழுத்தி இழுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே வெப்பநிலை உறைநிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்த நிலையில் முதுகுப்பையைக் கழற்றி, ஒரு பொருளைத் தேடி எடுத்து, காற்றில் விரித்து, உடலில் சுற்றுவதென்பது எத்தனை கடினம் என்பதை, அறைக்குள் இருந்து விதிமுறை எழுதுகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இட அமைப்பு இதைவிட எளிதாக விளங்கும். புயல் தாக்கிய நேரத்தில் பின்தங்கியவர்கள் இரண்டாம் நிலையிலோ ஏற்றத்தின் அடிவாரத்திலோ இருந்தனர். மேலே நிலைமை எப்படி என்று கண்ணால் பார்த்து, அல்லது திரும்பி வருகிறவர்களிடம் கேட்டறிந்து, அவர்கள் கீழே இறங்கிவிட முடிந்தது. ஏற்றத்தின் நடுவில் துணிந்து திரும்பிய சிலரும் பிழைத்தனர். முன்னணியில் இருந்தவர்களுக்கு முன்னால் செய்தி சொல்ல யாருமில்லை. திரும்பி இறங்கும் தொலைவும் உச்சியைத் தாண்டும் தொலைவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட இடத்தில், போட்டியிலும் முன்னணியில் இருக்கும் ஒருவர் முன்னேறுவதைத் தேர்ந்தெடுப்பது இயல்பே. அதை அவர்களுடைய பிழையாக எழுதுவது அநீதி என்றே கருதுகிறேன்.

பட்டியலில் இல்லாத மேலங்கி

மலை அல்ட்ராக்களில் எண் அட்டையை வாங்கும் முன் கட்டாயப் பொருள்களை மேசைமீது எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது சலிப்பூட்டும் சடங்காகத் தெரியும். சுமையை ஒவ்வொரு கிராமாகக் கணக்கிட்டு முதுகுப்பையை அடுக்கும் ஓட்டக்காரர்களுக்கு இருநூறு கிராம் மேலங்கியும் பெரும் சுமைதான். கட்டாயம் இல்லையென்றால் பெரும்பாலோர் எடுத்துப் போகமாட்டார்கள்; போட்டிக்காக ஓடுகிறவர்கள் அறவே எடுத்துப் போகமாட்டார்கள். விதி தேவைப்படுவதே இதனால்தான். எல்லோரும் சுமந்தால் யாருக்கும் பாதகமில்லை.

ஜிங்தாய் விதிகளில் காற்றும் மழையும் தடுக்கும் மேலங்கி பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. கட்டாயப் பட்டியலில் இல்லை. பலர் அதைக் கொண்டுவந்திருந்தனர். ஆனால் இரவுக் குளிருக்கென்று டிராப் பேக்கில், அதாவது பாதையின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே அனுப்பும் பையில், வைத்து அனுப்பிவிட்டனர். அந்தப் பைகள் காத்திருந்த இடம் ஆறாம் நிலை, அதாவது 62-ஆவது கிலோமீட்டர். ஆட்கள் விழுந்துகொண்டிருந்த சரிவிலிருந்து அது முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். குளிர் என்பது இரவில் மட்டுமே வரும் என்னும் கணக்கு, அமைப்பாளரின் திட்டத்திலும் ஓட்டக்காரரின் பையிலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருந்தது.

உயிர்காப்புப் போர்வை அவர்களிடம் இருந்தது. அலுமினியம் பூசிய அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், உடலிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; காற்றில்லாத இடத்தில், அசையாமல் கிடக்கும் ஒருவருக்கு அது பயன்படும். சூறைக்காற்றில் நின்றுகொண்டு அதைச் சுற்றிக்கொள்ள முடியாது. முன்னணியில் பிழைத்த அந்த ஒருவர், தாம் சுற்றிய போர்வையைக் காற்று கிழித்தெறிந்ததையும், மீண்டும் மீண்டும் விழுந்து எழுந்ததையும், இனி எழ முடியாது என்றானபோது ஜிபிஎஸ் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்திவிட்டு நினைவிழந்ததையும் பின்னர் எழுதினார். பொத்தான் வேலை செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சரிவுக்கு விரைந்து வர வண்டிக்கு வழி இல்லை, மேலே நிறுத்தி வைக்கப்பட்ட மீட்புக் குழுவும் இல்லை.

ஒப்பிட வேண்டுமானால், பிரான்சின் சமோனியில் 2003 முதல் நடக்கும் யுடிஎம்பி பந்தயத்தைச் சொல்லலாம். மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றி ஏறத்தாழ 170 கி.மீ. ஓடும் அப்பந்தயத்தில், தலைமூடியுடன் கூடிய நீர்புகா மேலங்கி கட்டாயம். அது 10,000 மில்லிமீட்டர் நீரழுத்தத்தையாவது தாங்க வேண்டும் என்று எண்ணிக்கையிலேயே விதி சொல்கிறது. 2010 இல் அமைப்பாளர்கள், தொடங்கிய சில மணி நேரத்திலேயே புயல் காரணமாகப் பந்தயத்தை நிறுத்தினர். 2012 இல் பனிப்பொழிவை முன்னிட்டுப் பாதையை வெகுவாகச் சுருக்கினர். ஓராண்டு முழுவதும் பயிற்சி செய்து வந்தவர்கள் இரண்டு முறையும் ஏமாற்றமடைந்திருப்பார்கள்.

ஆடு மேய்ப்பவரின் குகை

அன்று மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜு கெமிங், மழைக்கு ஒதுங்கி, மலைச்சரிவில் குடைந்த குகை ஒன்றில் இருந்தார். மேய்ப்பவர்கள் அவசரத்துக்கென்று உடையும் விறகும் சேர்த்து வைக்கும் இடம் அது. நினைவிழந்து கிடந்த ஒருவரை உள்ளே தூக்கிவந்து, நனைந்த உடையைக் களைந்து, போர்வையில் சுற்றி, நெருப்பு மூட்டினார். மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாக ஆறு பேர் அவரால் பிழைத்தனர். காற்றிலிருந்து மறைப்பு, உலர்ந்த துணி, வெப்பம் என்னும் மூன்றும் மூன்றாம் நிலையில் ஒரு கூடாரமாக இருந்திருக்க வேண்டியவை. மோட்டார் சைக்கிள் ஏறாத மலையில் அவற்றை முன்கூட்டியே கொண்டுபோய் வைக்க முடியாது என்ற வாதத்துக்கு, அந்தக் குகையும் அதில் இருந்த விறகுமே மறுமொழி.

மாலைக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மீட்புப் பணியாளர்கள் மலையேறினர். இரவில் வெப்பநிலை மேலும் இறங்கியது, மண் சரிந்தது. காணாமற்போன கடைசி நபரின் உடல் மறுநாள் காலை 9.30 மணியளவில் கண்டெடுக்கப்பட்டபோது தேடல் முடிந்தது. 151 பேர் உயிர் பிழைத்தனர். அவர்களில் 8 பேர் காயமடைந்திருந்தனர்.

பொறுப்பு யாருடையது

ஜூன் 11 அன்று விசாரணைக் குழுவின் முடிவு வெளியானது. தீவிர வானிலையோடு, அமைப்பாளரின் தேர்ச்சியற்ற நிர்வாகமும் சேர்ந்து விளைவித்த பொதுப் பாதுகாப்புச் சம்பவம் என்று அது வகைப்படுத்தியது. அதிகாரிகள் 27 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த ஐவர் கைதாயினர். மாவட்டக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலர் அந்த அறிவிப்புக்கு முன்பே இறந்துபோயிருந்தார். மலை ஓட்டம், அல்ட்ரா உள்ளிட்ட ஆபத்து மிகுந்த போட்டிகளைச் சீனா ஜூன் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் நிறுத்தி வைத்திருந்தது. பின்னர் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விளையாட்டுச் சட்டம், தீவிர வானிலை போன்ற நிலைமைகளில் போட்டியை உடனே நிறுத்தும் கடமையை அமைப்பாளர் மீதும், அவர் தவறினால் நிறுத்தச் செய்யும் கடமையை உள்ளாட்சி அரசு மீதும் சுமத்தியது.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 2008 ஜூலை 13 அன்று, ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான 2962 மீட்டர் சுக்ஷ்பிட்சேயை நோக்கி நடந்த மலையேற்ற ஓட்டத்தில், மழையும் பனியும் சேர்ந்து தாக்க, மெல்லிய உடையில் ஓடிய இருவர் இறந்தனர். அமைப்பாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2009 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வானிலை எப்படியிருக்கிறது என்று பார்த்துத் திரும்பும் பொறுப்பு வயதுவந்த ஓட்டக்காரருடையதே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரே வகையான மரணம். ஜெர்மனியில் ஓட்டக்காரர் பொறுப்பு, சீனாவில் அமைப்பாளர் பொறுப்பு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுக்ஷ்பிட்சேத் தீர்ப்பின் தர்க்கம் ஜிங்தாய்க்குப் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. திரும்பும் பொறுப்பை ஓட்டக்காரர் மீது வைக்க வேண்டுமானால், திரும்புவதற்கு வேண்டிய செய்தியும் வழியும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். காற்று எச்சரிக்கை அமைப்பாளருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நிலையில் ஒன்றுமில்லை என்பதும் அவர் வகுத்த திட்டமே. இவ்விரண்டையும் தொடக்கக் கோட்டில் ஒலிபெருக்கியில் அறிவித்து, டிராப் பேக்குகளைத் திறந்து மேலங்கிகளை எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் தந்திருந்தால், அதன் பிறகு ஏறியவரின் முடிவை அவருடைய முடிவு என்று சொல்ல ஓரளவு இடமிருக்கும்.

ஓட்டக்காரர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது, பணம் கட்டும் முன்பே பந்தயக் கையேட்டில் சிலவற்றைத் தேடுவது. எந்தெந்த நிலைகளுக்கு வண்டி வரும், வராத நிலைகளில் கூரையும் வெந்நீரும் ஆளும் உண்டா, இரு நிலைகளுக்கு இடையே மிக நீண்ட நேரம் பிடிக்கும் பகுதி எது, எந்த வானிலையில் பந்தயம் நிறுத்தப்படும், அதை முடிவு செய்பவர் யார் என்பவை ஏற்ற வரைபடத்தின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இவை இல்லாத கையேடுகள் இன்றும் வருகின்றன. மின்னஞ்சலில் கேட்டால் சில அமைப்பாளர்கள் ஒரே நாளில் விவரமாகப் பதில் எழுதுகிறார்கள், சிலர் பதக்கத்தின் படத்தை அனுப்புகிறார்கள்.